இரண்டு புள்ளி, ஒரு கொக்கி

அந்தச் சட்டையில் ஆறு பொத்தான்களும் இல்லை.

சலவைக்கு வரும் சட்டையில் பொத்தான் இல்லாமல் போவது உலக அதிசயம் ஒன்றுமில்லை. தையற்காரர் கையில் பிறந்து சலவைக்காரர் கையில் சாகத்தான் பொத்தான் என்ற ஜீவனே படைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இங்கே காஜாக்கள் ஆறும் குலையாமல் இருந்தன. பொத்தான்கள் இருந்த இடங்களில் நூல் நுனிகள் மட்டும் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. அக்குள் தையல் இரண்டு பக்கமும் விட்டிருந்தது. முதுகுத் துணி கழுத்துப்பட்டையிலிருந்து இடுப்புவரை ஒரே கோட்டில் பிளந்திருந்தது. சட்டையை யாரும் கிழிக்கவில்லை, உள்ளே இருந்தவர் ஒரே மூச்சில் அதைவிடப் பெரியவராகிவிட்டார் என்றுதான் பார்த்தால் தோன்றும்.

அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். வியர்வை இல்லை. ஈர மண், துருப்பிடித்த இரும்பு, அதற்கும் அடியில் மழையில் நனைந்த கம்பளியின் வாடை. கழுத்துப்பட்டையின் உட்புறத்தைப் பிரித்தாள். அழியாத மையில் அடையாளம் இருந்தது: மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு கொக்கி.

"அக்கா, இது என்ன?"

இஸ்திரி மேசை அக்கா தலையைத் தூக்கவில்லை. அந்த அம்மாள் பெட்டியை ஓங்கி வைத்தால் மடிப்பு பயந்துபோய்த் தானாக விலகிவிடும். அப்படிப்பட்ட கை அது. இப்போது மட்டும் அது பாதியில் நின்றது.

"மாசாமாசம் வரும். தைக்காத, பொத்தான் வைக்காத. துவைச்சு மடிச்சு பின்கதவு அலமாரியில வை. வந்து எடுத்துக்குவாங்க."

"யாரோடது?"

"சட்டையைக் கேளு, சொல்லும்."

"ஒரே நாள்ல இப்படியா ஒருத்தருக்கு உடம்பு போடும்?"

"எங்க வீட்டுக்காரருக்கு ஓசிச் சாப்பாடு கெடைச்சா இதைவிடச் சீக்கிரம் போடும். வேலையைப் பாரு மார்க்கு."

அந்த இடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். அங்கே யாருக்கும் வேறு பெயர் இல்லை. ஓட்டல்கள், மருத்துவமனைகள், வீடுகள் என்று நகரத்தின் பாதி அழுக்கு அந்தச் சலவை நிலையத்துக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு மார்க். ஒரு கோடு, மூன்று புள்ளி, கட்டத்துக்குள் சிலுவை. எல்லாம் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். நாளொன்றுக்கு ஆயிரத்துக்குக் குறையாமல் படித்துப் பிரித்துப் போடுவாள், துணியைத் திருப்பாமல் தலைகீழாகவே படித்துவிடுவாள். பத்து நாளில் இந்த வேகம் யாருக்கும் வராது என்று மேலாளர் வியந்தார். அவருக்குத் தெரியாது, அது அவளுடைய பழைய தொழிலில் வந்த வித்தை. பழைய தொழில் என்ன, இன்றைய தொழிலும் அதுதான். அவள் பத்திரிகை நிருபர். அந்தச் சலவை நிலையத்தின் முதலாளியைப் பற்றி எழுதுவதற்காகத்தான் மார்க்கு ஆகியிருந்தாள்.

முதலாளியை ஊர் வெள்ளைச்சட்டை என்று அழைத்தது. அவர் தும்மினால் துறைமுகத்தில் கப்பல்கள் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் கிளம்பும் என்பார்கள். மூன்று பேரை அவர் ஆற்றில் தள்ளியதாகக் காவல் நிலையத்தில் ஒரு கோப்பு இருந்தது. தள்ளவெல்லாம் இல்லை, அவர் முறைத்தார், அவர்களே குதித்தார்கள் என்பது ஊரின் கட்சி. ஓட்டல் படுக்கை விரிப்பு மூட்டைகளுக்குள் என்ன வருகிறது, என்ன போகிறது என்று கண்டுபிடித்து வரச்சொல்லி அவளை அனுப்பியவர் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி இல்லை. அப்பாவின் நண்பர், பத்திரிகையின் ஆசிரியர். அப்பா இறந்த வருடம் அவளைக் கூப்பிட்டு மேசை கொடுத்து, வாக்கியத்தை எங்கே முடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர். கோபம் வந்தால் பென்சிலைக் கடிப்பார். அவர் கடித்த பென்சில்களை அடுக்கினால் ஒரு தோப்பே வளர்த்திருக்கலாம். மாதத்தில் ஒரு நாள் ஒற்றைத் தலைவலி என்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார், மறுநாள் பத்திரிகையில் எழுத்துப்பிழைகள் விருந்துக்கு வந்த உறவினர்கள்போல் குடும்பத்தோடு வந்து இறங்கும். அதை வைத்தே அலுவலகத்தில் அவரைக் கேலி செய்வார்கள். அவளும் செய்திருக்கிறாள்.

வெள்ளைச்சட்டை தினமும் மாலை ஐந்து மணிக்குத் தன் சட்டையைத் தானே கையில் போட்டுக்கொண்டு அவள் மேசைக்கு வருவார். அவருடைய மார்க் ஒரு கோடு. கும்பிடுகிறவர்கள் கும்பிட்டு, ஓடுகிறவர்கள் ஓடியபிறகு மேசையில் கையூன்றி நிற்பார். அவர் கை எடுத்த இடத்தில் இரும்பு மேசை கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். அவர் கையிலிருந்த தேநீர் ஆறியதை அவள் பார்த்ததே இல்லை. தெருவில் அவர் இறங்கினால் நாய்கள் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கும். மரியாதை என்றது ஊர்.

"இன்னிக்கு எத்தனை?"

"ஆயிரத்து இருநூறு."

"கண்ணு வலிக்கலையா?"

"வலிச்சா கூலி கூடக் குடுப்பீங்களா?"

"கண்ணைக் குடுக்கறேன். ரெண்டு இருக்கு எனக்கு."

சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்தாள். முப்பத்துநாலு வயதில், தொலைபேசியில் அண்ணி வாராவாரம் வரன் பட்டியல் வாசிக்கும் காலத்தில், ஒரு ரவுடி சொன்ன அசட்டு வசனத்துக்கு. இரண்டாவது மாதம் அவருக்காக ஐந்து மணியை எதிர்பார்த்தாள். மூன்றாவது மாதம், எழுதி வைத்திருந்த எட்டுப் பக்கக் கட்டுரையை மாமாவுக்கு அனுப்பாமல் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

அந்த மாதம்தான் பாய்லர் சுத்தம் செய்யும் நாள் என்று நிலையத்தை மூடிய மறுநாள், பின்கதவு அலமாரியில் இரண்டு சட்டைகள் இருந்தன. ஒன்றில் இரண்டு புள்ளி, ஒரு கொக்கி. அதற்கு அடியில் இருந்ததில் ஒரு கோடு. இரண்டிலும் பொத்தான் இல்லை. உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சு வலையில் சாம்பல் நிறத்தில் நீளநீளமாக ரோமம் அப்பியிருந்தது. அவள் விரலில் சுற்றிப் பார்த்தாள். மனித முடி இவ்வளவு முரடாக இருக்காது. நாட்காட்டியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. முந்தின நாள் மாலை நிலா வட்டத் தட்டாக எழுந்ததை மாடியில் நின்று அவளே பார்த்திருந்தாள்.

ஐந்து மணிக்கு அவர் வந்தபோது ஒரு கோடு போட்ட சட்டையை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"இது உங்களோடதா?"

அவர் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஆமா" என்றார்.

அவ்வளவுதான். மறுக்கவில்லை, மழுப்பவில்லை, மிரட்டவில்லை. பல்வலி இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் ஆமா என்றார்.

"மாறினா எனக்கு என் பேர்கூட ஞாபகம் இருக்காது" என்றார். "இந்தத் தொழிலை ஏன் பிடிச்சேன் தெரியுமா? ப்ளீச்சிங் பவுடர். உலகத்துல இருக்கற அத்தனை வாசனையும் என் மூக்குல வந்து கத்தும். இங்க வந்தாத்தான் அது செத்துப் போகும். இங்க மட்டும்தான் நான் மனுஷனா மூச்சு விடறேன்."

"ரெண்டு புள்ளி, கொக்கி?"

அவர் முகம் சுருங்கியது. "அது படிச்சவன். நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். என்னை மாதிரி இல்ல அவன். பாதியில நிறுத்தக் கத்துக்கிட்டான். வேணும்கற வரைக்கும் கையைக் கையாவே வச்சுக்குவான், பேச்சு இருக்கும், புத்தி இருக்கும். பசி மட்டும் மாறியிருக்கும்."

"யாரு அவன்?"

"இருபது வருஷத்துக்கு முன்னாடி பார்த்த முகம். இப்ப என்ன பேர்ல, எந்த மேசையில உட்கார்ந்திருக்கான்னு தெரியாது. துணி மட்டும் வரும்."

"பகையாளி துணியை எதுக்குத் துவைக்கறீங்க?"

"பகை வேற, துணி வேற. அந்த நாள் துணி வெளிக்கடைக்குப் போச்சுன்னா ரெண்டு பேரும் மாட்டுவோம். பேரு கேட்கக் கூடாது, தைக்கக் கூடாது, யார் எடுக்க வர்றாங்கன்னு பார்க்கக் கூடாது, துவைச்சுக் குடுத்துடணும். எங்க ஆளுங்க வழக்கம் அது. மத்த எல்லாத்தையும் மீறியிருக்கேன், இதை மீறினதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குன்னு ஒருத்தி இருந்தா. அவன் வந்த அன்னிக்கு அவளுக்கும் அவனுக்கும் நடுவுல இருந்தது வெறும் மரக்கதவு."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நிருபர் வாழ்க்கையில் அவள் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அது.

அடுத்த முழுநிலாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் மேசைமேல் ஒரு சாவியை வைத்தார். விரல் நீளம், கனமான பித்தளை. நிலையத்தின் பின்புறம் பயன்பாட்டில் இல்லாத பழைய உலர்த்தும் அறை ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் இரும்பு, கதவில் உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடி. பூட்டை உள்ளிருந்தும் திறக்கலாம், வெளியிலிருந்தும் திறக்கலாம். சாவி இரண்டு சுற்று சுற்ற வேண்டும். சாவி ஒன்றே ஒன்று.

"நீ என் ஆளுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அவனுக்கும் தெரிஞ்சிருக்கும். நான் நினைவில்லாம இருக்கற அந்த ஒரு நாள்லதான் அவன் வருவான். அன்னிக்கு நீ இதுக்குள்ள இரு, உள்ள இருந்து பூட்டிக்கோ. நான் வெளியில படுத்திருப்பேன். ஆளில்லாத அறைக்கு முன்னாடியே போன மாசம் அந்த வாசல்லதான் கண் முழிச்சேன். அந்த மிருகத்துக்கு எது தெரியலைன்னாலும் அந்தக் கதவு தெரியுது." காதை வருடிக்கொண்டார். "மோதிரம் வாங்கத்தான் நினைச்சேன். எனக்குக் கடையில பேரம் பேச வராது, முறைக்கத்தான் வரும்."

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். மறுநாளே மாமாவைப் பார்க்கப் போனாள்.

விடுமுறை நாள். அலுவலகத்தில் மாமா மட்டும் இருந்தார். எல்லாவற்றையும் கொட்டினாள். சட்டை, ரோமம், அறை, சாவி, ஒரு கோடு போட்ட மனிதர், அவர்மேல் தனக்கு வந்துவிட்ட பைத்தியம். ஓநாய் என்ற சொல்லைச் சொன்னபோது மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். மாமா பென்சிலைக் கடித்தார். மெல்ல, நிதானமாக, அதில் ஏதோ ருசி இருப்பதுபோல.

"நல்ல தலைப்பு" என்றார்.

"மாமா, நான் எழுதமாட்டேன். கதையை நிறுத்திடுங்க."

"நிறுத்திட்டேன் போ. கதை கிடக்குது கதை. நீ உள்ள தனியா மாட்டிக்கிட்டா யாரு உன்னை வெளிய கூட்டிட்டு வர்றது? உங்கப்பன் மேல இருந்து என்னைக் கேட்பானா மாட்டானா? அந்தச் சாவியை ஒரு சோப்புல அழுத்திக் கொண்டு வா. ஆபத்துக்கு ஒண்ணு என் கையில இருக்கட்டும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாரையாவது நம்பவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சொற்கள் வெந்நீர் ஒத்தடம்போல் இருந்தன. மாமா தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். கஞ்சி போட்டு, நான்காக மடித்து, விரித்தால் நொறுங்கிவிடும் போலிருந்த கைக்குட்டை. அவள் அதைப் பிரிக்காமலே கண்ணை ஒற்றிக்கொண்டு கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சலவை நிலையத்தில் சோப்புக்கா பஞ்சம்? மறுநாள் மத்தியானம் அவள் தன் மேசைக்கு அடியில் ஒரு முழுக்கட்டியில் சாவியை அழுத்தினாள். பித்தளை எந்த எதிர்ப்பும் இல்லாமல், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பல் பல்லாக அச்சு விழுந்தது. மாலை ஐந்து மணிக்கு அவர் வந்து எத்தனை என்று கேட்டபோது அவளால் எண்ணிக்கையைச் சொல்ல முடியவில்லை.

பாய்லர் சுத்தம் என்று நிலையத்தை மூடிய அன்று, வேலையாட்களும் அடியாட்களும் மத்தியானமே போய்விட்டார்கள். எந்நேரமும் நூறு கிழவர்கள் சேர்ந்து இருமுவதுபோல் இருமிக்கொண்டிருந்த பாய்லர் அணைந்துவிட்டது. அது அணைந்தபிறகுதான் அந்தக் கட்டடத்தில் எத்தனை சின்னச் சத்தங்கள் இருந்தன என்று அவளுக்குத் தெரிந்தது. குழாய்கள் ஆறும்போது விடும் நெட்டி முறிவு, கொடியில் மறந்துபோன விரிப்பு ஒன்று காற்றில்லாமலே அசைந்து அசைந்து தரையைத் தடவும் சரசரப்பு, எங்கோ ஒரு தொட்டியில் சொட்டு, அடுத்த சொட்டுக்கு முன் மனம் எண்ணத் தொடங்கிவிடும் இடைவெளி. சன்னல் கண்ணாடிகளில் சாயங்கால வெயில் தேநீர் நிறத்தில் நின்றது. நிலா எழ இன்னும் கால்மணி.

அவர் புதிதாகத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். அறையைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு போர்வை, தண்ணீர்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "நீ பத்திரிகைக்காரின்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

அவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"துணியைத் திருப்பாம தலைகீழா மார்க் படிச்ச. எதிர் மேசையில கிடக்கற காகிதத்தைத் திருட்டுத்தனமா படிக்கறவங்களுக்குத்தான் அது வரும். காலையில அனுப்பிடலாம்னு நினைச்சேன். சாயங்காலம் வந்து பார்த்தா நீ அக்காகிட்ட சண்டை போட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்த." அவர் அவள் கன்னத்தைத் தொட்டார். விரல்கள் இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தன. "எழுதணும்னா எழுது. படம் வேணும்னா அந்தக் கண்ணாடி வழியா எடுத்துக்கோ. கதவை மட்டும் திறக்காத. நான் கெஞ்சினாலும் திறக்காத. என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல, அந்த ஒரு சாவிதான்."

இப்போது சொல்ல வேண்டும். ஒன்று இல்லை, இரண்டு இருக்கிறது என்று. சோப்பு என்ற ஒரே ஒரு சொல். அது நாக்கு நுனிவரை வந்து, கரையாமல், நுரையாமல், அங்கேயே நின்றது. சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்தாள். நிலா மாற்றுவதைவிட மோசமாக மாறும். மாமாவிடம்தானே இருக்கிறது, மாமாதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"சரி" என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாவி இரண்டு சுற்று சுற்றியது. எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

வட்டக் கண்ணாடியில் அவர் முதுகு தெரிந்தது. உட்கார்ந்துகொண்டிருந்தார். சன்னலில் தேநீர் நிறம் போய், தண்ணீர் கலந்த பால் நிறம் வந்தது. முதலில் அவர் தோள்கள் குளிரில் நடுங்குபவர்போல் ஆடின. பிறகு சத்தம். ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து முறுக்கிப் பிழியும்போது வருமே, அந்த இறுகும் ஒலி. ஆனால் அது துணி இல்லை. பொத்தான்கள் தெறித்துச் சிமெண்டுத் தரையில் உருண்டன. கண்ணாடியில் சாம்பல் நிறம் எழுந்து, நிறைந்து, விலகியது. இரும்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கதவின் அடியை முகர்ந்தது. சுரண்டவில்லை. முட்டவில்லை. மூன்று முறை சுற்றிவிட்டு, வாசலில் தொப்பென்று படுத்தது.

அவளுக்கு அழவேண்டும் போலிருந்தது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவள்தான் பொய். மாமாவைக் கூப்பிட்டு, வரவேண்டாம், சாவியை உருக்கிவிடுங்கள் என்று சொல்ல நினைத்துத் தொலைபேசியை எடுத்தாள். இரும்பு அறைக்குள் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. கைப்பையைத் துழாவி மாமாவின் கைக்குட்டையை எடுத்தாள். ஒரு வாரமாக அங்கேயே கிடந்தது. இந்த முறை உதறிப் பிரித்தாள்.

ஓரத்தில் மை.

தலைகீழாக இருந்தது. மேலே ஒரு கொக்கி, கீழே இரண்டு புள்ளி. திருப்ப வேண்டிய தேவை இல்லை. அவள் எதையும் திருப்பாமல் படிப்பவள். நான்கு மாதமாக ஊரார் துணியெல்லாம் படித்தாள். கையில் கொடுத்ததைப் படிக்கவில்லை.

மாதத்தில் ஒரு நாள் தலைவலி. கடித்த பென்சில்கள். ஓநாய் என்றபோது சிரிக்காத முகம். நல்ல தலைப்பு. அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்ட சோப்பு.

மாமாவால் கண்டுபிடிக்க முடியாத கதவை அவளை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். அவளையே சாவியாக வார்த்திருக்கிறார்.

"எழுந்திருங்க" என்று கதவைத் தட்டினாள். "அவன்கிட்ட சாவி இருக்கு. நான்தான் குடுத்தேன். கேட்குதா? நான்தான்."

வெளியே மூச்சு ஒரு கணம் நின்றது. வாலோ காலோ ஏதோ ஒன்று தரையை ஒருமுறை தட்டியது. அவள் குரல் கேட்டுச் சந்தோஷப்படும் நாய்போல. சொற்கள் அதற்குப் புரியவில்லை. குரல் மட்டும் தெரிந்திருக்கிறது.

அப்போது, நிலையத்தின் முன்புறத்தில், தோல் செருப்பு.

நிதானமாக வந்தது. விரிப்பு சரசரக்கும் இடத்தைத் தாண்டியது. வாசலில் கிடந்தது எழுந்தது. உறுமல் இரும்பு வழியாக அவள் உள்ளங்காலில் ஏறியது. பிறகு மோதல். கதவு அதிர்ந்தது, நாற்காலி நகர்ந்தது. கண்ணாடியில் சாம்பல், வெள்ளை, சாம்பல், சிவப்பு. ஏதோ மூட்டை கிழிவதுபோல் ஒரு நீண்ட ஒலி. தொட்டி ஒன்று கவிழ்ந்து தண்ணீர் ஓடியது.

அமைதி.

சொட்டு.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் உள்ளே வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டாள்.

"அம்மாடி."

மாமாவின் குரல். மூச்சு வாங்கியது. மற்றபடி அலுவலகத்தில் தேநீர் கேட்கும் அதே குரல்.

"பயந்துட்டியா? மாமாதான். நீ எழுந்து வரவேண்டாம். சிரமப்படாத. நானே திறந்துக்கறேன்."

சாவித்துளை. தன் சாவியை அதில் விட்டுவிட்டால் வெளியிலிருந்து திறக்க முடியாது. பாய்ந்தாள். ஈரத்தில் வழுக்கினாள். துளையைத் தேடிச் சாவியை அழுத்தினாள். போகவில்லை. மறுபடியும் அழுத்தினாள். போகவில்லை.

துளைக்குள் ஏற்கெனவே ஏதோ இருந்தது.

"நல்ல சோப்பு" என்றது குரல், ரொம்பப் பக்கத்தில். "அச்சு சுத்தமா விழுந்திருக்கு. உனக்கு எதையும் அரைகுறையா செய்ய வராது."

முதல் சுற்று.

அவள் சாவி அவள் கையில்தான் இருந்தது. பற்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. சோப்பில் பதிந்ததுபோலவே.

இரண்டாவது சுற்று.

கதவு திறக்கவில்லை. வெளியே ஒருவர் நிதானமாக மூச்சை உள்ளிழுத்தார். கை வேலை முடிந்துவிட்டது. இனி பாதியில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

சிமெண்டுத் தரையில் ஒரு பொத்தான் விழுந்து உருண்டது.

இரண்டு.

மூன்று. நான்கு.

தையல் பிரியும் ஒலி, கழுத்திலிருந்து இடுப்புவரை.

ஐந்து.

வட்டக் கண்ணாடி இருண்டது.

ஆறு.

கைப்பிடி கீழே இறங்கியது.